நான் பார்க்காத என் வீரச்செயல்

தம்பிமாருக்கும், இம்முறை புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு தங்கச்சிமாருக்கும்,

நீங்கள் றக்பிப் பயிற்றுவிப்பாளர்களாகப் பொறுப்பேற்ற அன்று, ‘மேஜர் சேர் இரண்டு வார்த்தை பேசுவார்’ என்று அறிவித்தார்கள். பேசினேன். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. முன்வரிசைக்காரருக்கு மட்டும் கேட்டிருக்கும். அவர்களும் அந்த நேரம் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே எழுதுகிறேன். எழுத்தை யாரும் பாதியில் கைதட்டி நிறுத்த முடியாது என்பது ஒரு வசதி.

பந்தை எப்படி எறிவது, எதிரியை எப்படி மடக்குவது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து, விளையாட்டுக்காரனின் முழங்கால் மடியும் கோணத்தை எனக்கு விளக்கினார். என் முழங்கால் இப்போதெல்லாம் எந்தக் கோணத்திலும் மடிவதில்லை என்பதால் மரியாதையோடு கேட்டுக்கொண்டேன். நான் சொல்ல இருப்பது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. அதை விடுவதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும். ஒரு றக்பிக்காரனும் ஒரு பட்டாளத்தானும் ஒரே உடம்புக்குள் குடியிருந்தால்தான் அப்படியொரு பிழை வரும்.

முதலில் அந்த இரண்டு பேரும் எப்படி ஒரே உடம்புக்குள் வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் புத்தளத்தான். வாப்பா என்னைக் கண்டியில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது கணக்குப் படிக்க. அங்கே எனக்கு வாய்த்த றக்பி வாத்தியார் கணக்கில் மூன்றுக்கு மேல் போனதில்லை. “விழுந்தா மூணு எண்ண முதல் எழும்பணும். எழும்பாதவன் வீட்டுக்குப் போகலாம்” என்பார். கை முறிந்தவனுக்கும் மூன்றுதான், சோம்பேறிக்கும் மூன்றுதான். நான் எழும்பி எழும்பியே நாட்டு அணி வரைக்கும் போனேன். நாட்டுக்காக விளையாடியதில் வென்றவற்றைவிடத் தோற்றவை அதிகம். ஆனால் ஒன்றிலும் மூன்றுக்கு மேல் படுத்திருக்கவில்லை.

அதன் பிறகு இராணுவ அணிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எனக்கு உத்தியோகம் தேவைப்பட்டது. “நீ விளையாடினாப் போதும்” என்று சேர்த்துக்கொண்டார்கள். நாட்டில் யுத்தம் நடப்பதை நேர்முகப் பரீட்சையில் ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த யுத்தத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது என் கை தயங்கும். இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய வீடுகளுக்கு அது வேறு வாசலால் நுழைந்தது என்று எனக்குத் தெரியும். ஆகவே யார் எங்கே வென்றார்கள் என்ற கதைக்கு நான் போகவில்லை. ஒருவன் ஒருவனைத் தூக்கிய கதை மட்டும் இங்கே தேவைப்படுகிறது.

நடந்தது இதுதான். ஷெல் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. என் தலைக்கவசம் நசுங்கியது. நான் விழுந்து, எழும்பி, அன்ரன் என்ற காயப்பட்ட சிப்பாயை முதுகில் ஏற்றிக்கொண்டு, மறைப்பே இல்லாத ஒரு நீண்ட வெளியை ஓடிக் கடந்து, வைத்தியர் இருந்த இடத்தில் அவனை இறக்கிவிட்டு, அங்கேயே மயங்கி விழுந்தேன். அன்ரன் பிழைக்கவில்லை. நான் கண் விழிப்பதற்கு முதலே போய்விட்டான்.

இவ்வளவையும் நான் எப்படிச் சொல்கிறேன் தெரியுமா? பதக்கம் தந்த வைபவத்தில் வாசித்தார்கள். நான் நிமிர்ந்து நின்று கேட்டேன். கதை நன்றாக இருந்தது. அந்த ஆள் துணிச்சல்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் ஒரு வசனமாவது நினைவில்லை. காலையில் பாணும் பருப்பும் சாப்பிட்டது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, வைத்தியசாலைக் கட்டிலில் ஒரு தாதி என் சட்டையை விலக்கிப் பார்த்து, “யாரோட சேர் சண்ட பிடிச்சீங்க?” என்று சிரித்தது. இரண்டு தோள்களிலும் விரல் விரலாக நீலம் பாரித்திருந்தது. ஒரு கிழமையில் அதுவும் மறைந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததெல்லாம் வெறும் வெள்ளைத் தாள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பதக்கம் வாங்கிய ஆளிடம் ‘எப்படி நடந்தது?’ என்று கேட்கிறார்கள். ‘தெரியாது’ என்றால் அடக்கம் என்று நினைத்து இன்னும் நெருக்கிக் கேட்கிறார்கள். ஆகவே வாசித்த கடதாசியைப் பாடமாக்கினேன். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களுக்குக் கூப்பிட்டால் அதை ஒப்புவிப்பேன். பிள்ளைகள் கொட்டாவி விட்ட ஓர் இடத்தில் கொஞ்சம் மழை சேர்த்தேன். அடுத்த பாடசாலையில் மழையோடு இடியும் வந்தது. பிறகு முழங்காலளவு சேறு. சத்தியமாக அந்த மாதம் அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டு மழையில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய பொய்கள். சிரிக்க முடியாத பொய் ஒன்றும் இருக்கிறது. யுத்தம் முடிந்த கையோடு அன்ரனின் தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய ஊர் சிலாபத்துக்கும் முந்தலுக்கும் இடையில் ஒரு கடற்கரைக் கிராமம். எங்கள் வீட்டுக் கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு, தேத்தண்ணியைத் தொடாமல் கேட்டார். “எண்ட பிள்ள உங்கட முதுகுல வரக்குள்ள என்னவும் சொன்னானா, மகன்?”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

“அம்மா எண்டு சொன்னார்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தேத்தண்ணியைக் குடித்தார். போய்விட்டார். அதன் பிறகு வருடம் தவறாமல், மகனின் நினைவு நாளுக்கு அடுத்த நாள், பஸ்ஸில் யாரிடமாவது கருவாட்டுப் பொதி ஒன்று கொடுத்தனுப்புவார். என் மனைவி அதை ஆசையாகச் சமைப்பாள். முள்ளே இல்லாத கருவாடாக இருந்தாலும் எனக்குத் தொண்டையில் குத்தும்.

இனி விளையாட்டுக்கு வருவோம்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மாம்புரிப் பக்கத்து இளைஞர்களைக் கொண்டு ஓர் அணி அமைக்கச் சொன்னார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கடற்றொழில், மீதி உப்பளம், தோட்டம், முந்தலில் கடை வைத்திருந்த சுரங்க என்ற சிங்களப் பையன் ஒருவன். கடற்றொழில்காரரின் தோளைப் பார்த்ததும் எனக்கு வாயூறியது. பயிற்சி தொடங்கிய பிறகுதான் சிக்கல் விளங்கியது. றக்பியில் எட்டுப் பேர் குனிந்து கோத்துக்கொண்டு எதிரணியைத் தள்ள வேண்டும். என் ஆட்கள் பிறந்ததிலிருந்து கரைவலை இழுத்தவர்கள். அவர்களுக்கு எட்டுப் பேர் சேர்ந்தால் இழுக்கத்தான் தெரியும். முதலாவது சிநேகபூர்வ ஆட்டத்தில் என் ஆட்கள் எதிரணி எட்டுப் பேரையும் ‘ஏலேலோ’ போடாத குறையாகத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் கோட்டுக்குள்ளேயே விட்டார்கள். எதிரணிப் பயிற்றுவிப்பாளர் எனக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார்.

இவர்களில் ஒருவன்தான் சப்ரான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பம். இவன் பிறந்தது புத்தளத்து முகாமில். ஆனாலும் ஊர் எது என்று கேட்டால் மன்னார் என்பான். தகப்பன் மௌத்தாகிவிட்டார். உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் ஓலைக் கொட்டிலில். இவன் வேறொருவருடைய படகில் கூலிக்குப் போய் வந்தான். ஆனால் பந்து கையில் வந்தால் இவனைப் பிடிக்க ஒருவராலும் முடியாது. நான் அந்த வயதில் இவனில் பாதியும் இல்லை. இதை அவனிடம் அப்போது சொல்லவில்லை. சொன்னால் பயிற்சிக்குப் பிந்தி வருவான்.

இரண்டாம் வருடம் நாங்கள் மாகாண இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். முந்தல் மைதானம். எதிரணி குருநாகல் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்களுடைய எட்டுப் பேரும் அதற்குள் தள்ளப் பழகியிருந்தார்கள். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருந்தது. படை அணி ஒன்றின் தெரிவாளர் சப்ரானைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தார். ஒரு காலத்தில் என்னோடு விளையாடியவர். “முழு ஆட்டமும் பார்க்கணும், மச்சான். ஆள் கடைசி வரைக்கும் தாங்குறானா எண்டு பார்த்துட்டுத்தான் கையெழுத்து” என்றார். அந்தக் கையெழுத்து விழுந்தால் சப்ரானுக்கு நிரந்தர உத்தியோகம், மாதச் சம்பளம், பிறகு ஓய்வூதியம். கொட்டிலுக்குப் பதிலாகக் கல் வீடு. மைதானத்து ஓரத்தில் அவனுடைய உம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்.

அன்று தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று. எங்கள் கரையில் அந்த மாதங்களில் அது எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லைக் கொடிகள் கிழிகிற மாதிரிப் படபடத்தன. பார்வையாளர்கள் ஒரு கையால் சாரத்தையும் மறு கையால் தொப்பியையும் பிடித்திருந்ததால் கைதட்ட வழியில்லாமல் வாயால் சத்தம் போட்டார்கள்.

இடைவேளைக்குச் சற்று முன்னர் சப்ரானின் தலை எதிரணி ஆள் ஒருவனின் முழங்காலில் மோதியது. சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தான். என்னையறியாமல் என் உதடு ‘ஒண்டு, ரெண்டு’ என்று எண்ணியது. மூன்று வருவதற்குள் எழும்பிவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது பயமல்ல, பெருமை.

இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு, தலையில் அடிபட்டவரிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வியையும் கேட்டேன். பயிற்சி நெறியொன்றில் படித்தது. இரண்டு வருடமாக அடிபட்ட ஒவ்வொருவரிடமும் அதே நாலைத்தான், அதே வரிசையில்தான் கேட்டு வந்தேன். நாங்கள் எங்கே நிற்கிறோம்? யாரோடு விளையாடுகிறோம்? எத்தனைக்கு எத்தனை? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? சுரங்க அவனுடைய தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“முந்தல் மைதானம். குருநாகல்காரர். பத்துக்கு எட்டு, நாங்க முன்னுக்கு. கடைசியா எடுத்தது அவங்கட பத்தாம் நம்பர், பெனல்டி.”

சப்ரான் ஒரு பிசகில்லாமல் சொன்னான். நான் நாலாவது கேள்வியை முடிக்க முன்னரே நாலாவது பதில் வந்துவிட்டது. கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டி அனுப்பினேன். தம்பிமாரே, கேள்விக்கு முதல் பதில் வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று பட்டாளத்தில் காவல் கடமைக்கு நின்றபோது எனக்குப் படிப்பித்திருந்தார்கள். முந்தலில் அது ஞாபகம் வரவில்லை.

இரண்டாம் பாதியில் அவன் ஒரு ட்ரை போட்டான், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய் நிலத்தில் வைத்தான். அப்படியொரு ஓட்டத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. தெரிவாளர் கையிலிருந்த இறால் வடையை மறந்து எழும்பி நின்றார். பதினைந்துக்கு எட்டு. பிறகு அவர்கள் ஒரு பெனல்டி அடித்துப் பதினொன்று ஆக்கினார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தது.

மறுபடி பந்தை உதைத்துத் தொடங்க எல்லோரும் அவரவர் பக்கத்துக்குப் போனார்கள். சப்ரான் எதிரணியின் வரிசையில் போய் நின்றான். சந்தோசமாகத்தான் நின்றான். எதிரணியின் தடித்த ஆள் ஒருவன் அவனுடைய தோளில் கை போட்டு, வழி தவறிய விருந்தாளியை வாசலில் விடுவது போல, எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து விட்டான். கூட்டம் சிரித்தது. கோமாளித்தனம் செய்கிறான் என்று நினைத்தார்கள். நான் நடுவரிடம் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தி, அவனை ஓரத்துக்குக் கூப்பிட்டேன்.

இந்தத் தடவை ஏனோ நாலு கேள்வியும் வாயில் வரவில்லை. “காலைல என்ன சாப்பிட்ட?” என்று கேட்டேன்.

“முந்தல் மைதானம், சேர்.”

பக்கத்தில் நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். சுரங்க மட்டும் சிரிக்கவில்லை.

“எத்தினைக்கு எத்தின?”

“பத்துக்கு எட்டு, நாங்க முன்னுக்கு.”

ட்ரை போட்டவனுக்கு ட்ரை தெரியவில்லை. நான் சுரங்கவைப் பார்த்தேன். அவன் மூக்கைத் துடைத்தான்.

“நான்தான் சேர் தண்ணி ஊத்தக்குள்ள காதுல சொன்னன். எங்கட டீம்ல எல்லாரும் அப்படித்தான். யாருக்கு அடி பட்டாலும் மத்தவன் சொல்லிக்குடுப்பான். நீங்க எப்பவும் அதே நாலத்தானே கேக்குறீங்க?”

இரண்டு வருடமாக! என் தலைப் பரிசோதனையில் ஒருவர்கூடத் தவறாதது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. என் அணியின் மண்டையெல்லாம் இரும்பு என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்திருந்தேன்.

தலையில் ஓர் அடி பட்டு, அது ஆற முன்னர் இன்னோர் அடி விழுந்தால் ஆளே இல்லாமல் போகலாம். இதை நீங்கள் வகுப்பில் படித்தீர்கள். நானும் படித்திருந்தேன். ஆனால் அந்தப் பக்கம் தெரிவாளர் நாட்குறிப்பைத் திறந்து வைத்திருந்தார். இந்தப் பக்கம் அவனுடைய உம்மா. பத்து நிமிடம்தான். நாலு புள்ளி முன்னணி. பத்து நிமிடத்தில் என்ன நடந்துவிடும் என்று எனக்குள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாத குரல்.

கடைசியாக ஒன்று கேட்டேன். “சப்ரான், இண்டைக்கு என்ன காத்து?”

மாம்புரியில் ஒரு கடற்றொழில்காரனை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும் கேள்வி இது. சோளகமா, வாடையா, கச்சானா என்று பாயில் படுத்தபடியே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பான். சப்ரானின் சட்டை காற்றில் பலூன் மாதிரி ஊதிக்கொண்டிருந்தது. மணல் முகத்தில் அடித்தது. அவன் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

“காத்தா? காத்து ஒண்டும் இல்லயே, சேர்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கரைவலைக்காரர் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “வெளியே” என்றேன்.

அவன் முதலில் நம்பவில்லை. பிறகு கோபம் வந்தது. அடிபட்ட மண்டையில் எது மறந்தாலும் என் பதக்கக் கதை மட்டும் மறக்கவில்லை. “நீங்க மண்ட ஒடஞ்சி ஓடினீங்க, ஆளத் தூக்கினீங்க, அதுக்கு மெடல் தந்தாங்க! நான் ஓடினா மட்டும் வெளிய போ எண்டுறீங்க! எண்ட உம்மாவுக்கு நான் என்ன செல்ல, சேர்?”

நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இருபது பேர் முன்னிலையில், காற்றை மீறிக் கேட்கும்படி கத்தித்தான் சொன்னேன்.

“எனக்கு அது நெனவில்ல! ஒண்டும் நெனவில்ல! தூக்கினதும் தெரியா, ஓடினதும் தெரியா. கடதாசில வாசிச்சதத்தான் இவ்வளவு நாளும் சொன்னன்.”

சுரங்க மெதுவாகக் கேட்டான். “அப்ப மழை, சேர்?”

“மழையும் இல்ல.”

“இடி?”

“இடி நான் போட்டது.”

“சேறுமா?” என்றான், தன் சொந்தக் காணி பறிபோனது போல. சப்ரான் தானாகவே கோட்டைத் தாண்டி வெளியே வந்து, உம்மாவின் பக்கத்தில் மணலில் குந்தினான்.

அவனுடைய இடத்துக்கு உப்பளத்துப் பையன் ஒருவனை அனுப்பினேன். நல்ல பிள்ளை. அவனுக்கு இடது பக்கத்தால் குருநாகல்காரர் ஒருவர் போய் ட்ரை போட்டார். பதினாறுக்குப் பதினைந்து. ஒரு புள்ளியால் தோற்றோம். தெரிவாளர் நாட்குறிப்பை மூடினார். ஆனால் வந்த வேலையைச் செய்யாமல் போகிற ஆள் அல்ல அவர். ஆட்டம் முழுவதும் களைக்காமல் நின்ற இன்னொருவனைப் பார்த்து வைத்திருந்தார். அந்த வருடம் படை அணிக்கு எடுபட்டவன் சுரங்க. காதில் பதில் சொல்லிக்கொடுத்த கள்ளனுக்கு உத்தியோகம் கிடைத்தது. உலகம் இப்படித்தான் நடக்கிறது. அதற்கு நான் விளக்கம் சொல்லப்போவதில்லை.

சப்ரானைச் சிலாபம் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்த் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் வீக்கம் இருந்தது. “இன்னொரு அடி விழுந்திருந்தா...” என்று தொடங்கிய டொக்டர் வசனத்தை முடிக்கவில்லை. உம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் வெளியே வந்து ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் பாதிக்கு அவனை முதுகில் தட்டி அனுப்பியவன் நான்தான். அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மூன்று கிழமை அவன் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டான்.

“சேர், நான் போட்ட ட்ரை எப்படி இருந்திச்சி?”

நான் எழும்பி வாசலுக்கு வந்தேன். அவனே தொடர்ந்தான்.

“எனக்குத் தெரியா. எல்லார்ட்டயும் கேட்டுட்டன். ஒருத்தன் நாலு பேரத் தாண்டினன் எண்டான். சுரங்க போன்ல ஏழு பேர் எண்டான். தங்கச்சி நான் பறந்தன் எண்டுறா. இதுல எது நான், சேர்?”

அந்தக் கேள்வி எனக்கு எங்கே பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவனைக் கதிரையில் இருத்திச் சொன்னேன். “மூணு பேர். அதுல ஒருத்தன் தானா வழுக்கி விழுந்தான். நீ வலது பக்கம் சாய்ஞ்சு இடது பக்கம் போன. கோட்டுக்கு ரெண்டு அடி இருக்கக்குள்ள எனக்குக் கண்ணுல மணல் விழுந்திட்டு. பந்த வெச்சத நான் பார்க்கல்ல. விசில் சத்தந்தான் கேட்டன்.”

அவன் விரல்களை மடக்கி எண்ணினான். பிறகு முகம் மலர்ந்தது. “வழுக்கி விழுந்தவனயும் சேர்த்தா ரெண்டரப் பேர்” என்றான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. ஏழு பேர் தராத நிம்மதியை இரண்டரைப் பேர் தந்தார்கள். அந்தத் துணிச்சலில், நான் யாரிடமும் சொல்லாத அன்ரனின் தாயின் கதையை அவனிடம் சொன்னேன். கருவாட்டைப் பற்றியும் சொன்னேன்.

“இது பெரிய பாவம், சேர்” என்றான். ஆறுதல் சொல்லும் எண்ணமே அவனுக்கு இல்லை. “அந்த உம்மாவும் இவ்வளவு நாளும் மழையையும் இடியையும்தானே வெச்சிக்கிட்டு இரிக்காங்க? எழும்புங்க, போவம்.”

அவன் கடனுக்கு வாங்கியிருந்த மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனேன். வழி முழுக்க வாயில் மணல். அன்ரனின் தாய் முற்றத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து எதிரே இருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

“அம்மா, அண்டைக்கு உங்களுக்குச் சொன்னது பொய். அன்ரன் என்ன சொன்னார் எண்டு எனக்குத் தெரியா. எனக்கு ஒண்டும் நெனவில்ல.”

அவர் என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார்.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும், மகன். அவன் ஒரு நாளும் என்ன அம்மா எண்டு கூப்பிட்டதில்ல. எண்ட தம்பிமாரோட சேர்ந்து வளர்ந்தவன். அவங்களப் பாத்து அக்கா எண்டுதான் கூப்பிடுவான். நீங்க பாவம், என்ன சொல்றதெண்டு தெரியாம முழிச்சுக்கொண்டு இருந்தீங்க. அதான் பேசாம வந்திட்டன்.”

நான் தலையைத் தொங்கப்போட்டேன். அந்த வருடக்கணக்கான கருவாடு, பொய் சொன்ன ஒரு மனிதன் மேல் அவருக்கு இருந்த இரக்கம்.

இந்த இடத்தில் நீங்கள் என்னிடம் ஒரு பாடம் எதிர்பார்ப்பீர்கள். கேள்விகளை மாற்றிக்கொண்டே இருங்கள். உங்கள் பிள்ளையின் தொழில் என்ன, அவனுக்கு நித்திரையிலும் தெரிந்தது என்ன என்று அறிந்துவைத்து, அதைக் கேளுங்கள். உப்பளத்துப் பிள்ளையிடம் உப்பைப் பற்றிக் கேளுங்கள். பிழையான பதில் வந்தால் யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் வெளியே எடுங்கள். அதன் பிறகு சப்ரானைத் தேடி எந்தப் படை அணியும் வரவில்லை. இன்று அவன் கற்பிட்டியில் டொல்பின் பார்க்க வருகிறவர்களைத் தன் சொந்தப் படகில் கூட்டிப்போகிறான். கல் வீடு இன்னும் அரைவாசிதான் எழும்பியிருக்கிறது. காணும்போதெல்லாம் நான் கேட்க முதலே அன்றைய காற்றைச் சொல்லிவிடுவான். சந்தேகம் வந்து அடுத்த நாளின் காற்றையும் கேட்டுவிடுவேன்.

அந்த முற்றத்தில் நடந்த மீதியையும் சொல்லி முடிக்கிறேன். நான் எழும்பப் போனபோது அன்ரனின் தாய் கேட்டார். “உங்களுக்கு மெய்யாத் தெரிஞ்சது ஒண்டும் இல்லயா, மகன்? சின்னதா எண்டாலும்?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தத் தாதியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. இத்தனை வருடமும் நான் சொன்ன எந்தக் கதையிலும் அதைச் சேர்த்ததில்லை.

“இருக்கு, அம்மா. நான் கண் முழிக்கக்குள்ள எண்ட ரெண்டு தோள்லயும் விரல் அடையாளம் இருந்திச்சி. நீலமா. அஞ்சும் அஞ்சும். ஒரு கிழம இருந்திச்சி. இறுக்கித்தான் பிடிச்சிருக்கார்.”

அவர் எழும்பி, என் பின்னால் வந்து நின்றார். மீன் மணக்கும் இரண்டு கைகளையும் என் தோள்களில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

“இங்கயா?”

இனி அவரிடம் நான் பொய் சொல்வதாக இல்லை.

“கொஞ்சம் மேல, அம்மா” என்றேன்.